உப்பு முன்னே, நீர் பின்னே

(விழுப்புரம் மாவட்டம், வானூர் ஒன்றியம், இரும்பையில் நடைபெற்ற குறுவள மையப் பயிற்சியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உடலியல் பேசுவது சிரமமான வேலை. அதனால் நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். இரும்பையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். உங்களில் சிலர் அவற்றைப் பார்த்தபடியேதான் தினமும் பள்ளிக்குப் போகிறீர்கள். உப்பள வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். பாத்தியில் உவர்நீரைப் பாய்ச்சுகிறார்கள். வெயில் நீரை எடுத்துக்கொள்கிறது, உப்பு தங்குகிறது. இது நமக்குத் தெரிந்த கணக்கு.

நம் தலைக்குள்ளும் உப்பும் நீரும் சேர்ந்து செய்யும் வேலை ஒன்று இரவும் பகலும் நடக்கிறது. அதன் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும்: மூளைத் தண்டுவடத் திரவம். பத்தாம் வகுப்பு அறிவியலில் நரம்பு மண்டலம் பாடத்தில் வருகிறது. மூளையை அதிர்ச்சியிலிருந்து காக்கும், ஊட்டப்பொருள் தரும், கழிவை அகற்றும், மண்டையோட்டுக்குள் அழுத்தத்தைச் சீராக வைக்கும் என்று நான்கு வரி. தேர்வில் கேட்டால் சில மதிப்பெண். நானும் பல ஆண்டுகள் அந்த நான்கு வரியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போனவன்தான். பிறகு ஒரு மாணவன் எனக்கு அந்தப் பாடத்தை எடுத்தான். அவனைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஊரையும் பள்ளியையும் விட்டுவிடுகிறேன். தவறு என்னுடையது.

தலைவலிப் பையன்

ஏழாம் வகுப்பு. அமைதியான பையன், கையெழுத்து அழகாக இருக்கும். அரையாண்டுத் தேர்வுக்கு முன் அடிக்கடி, "சார், தலை வலிக்குது" என்று வந்து நின்றான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒருநாள் வாந்தி எடுத்தான். வெறும் வயிற்றோடு வந்திருப்பான் என்று டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தேன். மத்தியானம் ஆனதும் சரியாகிவிட்டான். மறுநாள் காலை மறுபடியும் அதே. மத்தியானம் சரியாகிவிடும் தலைவலி என்ன தலைவலி? கணக்குத் தேர்வுக்குப் பயந்து நடிக்கிறான் என்று முடிவுகட்டினேன். கையெழுத்து கோணலாகிக்கொண்டே வந்தது. அக்கறையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வகுப்பில் கண் சொருகினான். எழுந்து நிற்கச் சொன்னேன். கரும்பலகையைப் பார்க்கும்போது முகத்தையே மேலே தூக்கிப் பார்த்தான். திமிர் என்று நினைத்தேன்.

கண்டுபிடித்தவர் எங்கள் பள்ளிச் சத்துணவு சமையலர் அக்கா. "சார், அந்தப் புள்ள கண்ணு சரியில்ல. கருவிழி ரெண்டும் கீழயே கெடக்குது. தட்ட எடுத்துட்டு நடக்கறப்ப தள்ளாடறான். ஒரு வாரமா பாக்குறேன்" என்றார். அன்று மாலை அவன் அம்மாவை வரச் சொன்னேன். உப்பளத்திலிருந்து நேரே வந்தார், காலில் உப்புப் பூத்திருந்தது. அவர் சொன்னது: "கைக்குழந்தையா இருக்கறப்ப தலையில தண்ணி சேந்துடுச்சு சார். காதுக்குப் பின்னால டியூப் வெச்சிருக்காங்க. ஒண்ணாங்கிளாஸ் டீச்சர்கிட்ட சொல்லியிருக்கேனே."

ஒன்றாம் வகுப்பில் சொன்னது ஏழாம் வகுப்புக்கு வந்து சேரவில்லை. அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். டியூப் அடைத்திருந்தது. மேற்கொண்டு சொல்வதற்கு முன், அந்தத் திரவம் எங்கே பிறந்து எந்த வழியாகப் போகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். அப்போதுதான் அவனுடைய ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணம் புரியும்.

எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது?

பெரியவர்களின் உடலில் எந்த நேரத்திலும் இருக்கும் மூளைத் தண்டுவடத் திரவம் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். ஒரு டம்ளர் டீ அளவு. ஆனால் ஒரு நாளில் சுரப்பது சுமார் 500 மில்லிலிட்டர். அரை லிட்டர் பால் பாக்கெட் அளவு. 150 மட்டுமே இருக்கக்கூடிய இடத்தில் 500 சுரக்கிறது என்றால், அது ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் புதுப்பிக்கப்படுகிறது என்று பொருள். சுரக்கும் அளவுக்கு வடிந்துகொண்டும் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை ஆறாம் வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம்.

மூளைக்குள் நான்கு அறைகள் இருக்கின்றன. அவற்றில் கோராய்டு பின்னல் என்னும் இரத்த நாளக் கொத்துகள் உள்ளன. திரவத்தின் பெரும்பகுதி அங்கேதான் சுரக்கிறது. வடிகட்டித் துணியில் நீர் இறங்குவதுபோல இரத்தத்திலிருந்து அது சும்மா கசிவதில்லை. கோராய்டு பின்னலின் செல்கள் ஆற்றலைச் செலவழித்து சோடியத்தை மூளை அறைக்குள் தள்ளுகின்றன. குளோரைடும் செல்கிறது. அப்படி உப்பு போன பக்கம் சவ்வூடு பரவலால் நீர் தொடர்ந்து போகிறது. உப்பளத்தில் நீர் போய் உப்பு நிற்கிறது. இங்கே உப்பு முன்னே போகிறது, நீர் பின்னே வருகிறது. சவ்வூடு பரவலுக்கு உருளைக்கிழங்கையும் உலர் திராட்சையையும் காட்டுகிறோமே, அதே தத்துவம்தான் நம் தலைக்குள் மணிக்கு இருபது மில்லிலிட்டர் திரவத்தைச் சுரக்க வைக்கிறது.

இந்தத் திரவம் பளிங்குபோலத் தெளிவானது. உப்புச் செறிவு இரத்தத்தை ஒத்தது, கடல்நீரில் உள்ளதில் நான்கில் ஒரு பங்கு. குளுக்கோஸ் இரத்தத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. புரதம் மிக மிகக் குறைவு. மருத்துவர்கள் இந்த எண்கள் மாறுவதைப் பார்த்துத்தான் நோயைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இனி அது போகும் வழி. பக்க அறைகள் இரண்டிலிருந்து மூன்றாம் அறைக்கு வருகிறது. அங்கிருந்து சில்வியஸ் நாளம் என்னும் குறுகிய கால்வாய் வழியாக நான்காம் அறை. அந்தக் கால்வாயின் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், பால்பாயின்ட் ரீஃபிலின் உள்துளை அளவு. நான்காம் அறையின் துளைகள் வழியாக வெளியேறி, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி, அரக்னாய்டு உறைக்கும் பயா மேட்டருக்கும் நடுவே பரவுகிறது. கடைசியில் அரக்னாய்டு உறையின் சிறு முகிழ்கள் வழியாகப் பெருமளவு சிரை இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லக் கழுவேலியே போதும். சுற்று வட்டார ஏரிகளின் வெள்ளம் கழுவேலியில் சேர்கிறது, ஓடை வழியாக இடையன்திட்டு முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கடலோரப் பிள்ளைகள் உடனே பதில் சொல்வார்கள்: "தண்ணி ஏறிக்கும் சார்." மூளையிலும் அதுதான். வழியில் எங்கே அடைத்தாலும் சுரப்பு நிற்பதில்லை. நீர் ஏறிக்கொண்டே போகும். தலையில் நீர்கோத்தல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படி வடிகால் கெட்டுப்போவதைத்தான்.

1,400 கிராம் எப்படி 50 கிராம் ஆகிறது?

மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடை. தயிர்க்கட்டிபோல மென்மையானது. மேசைமேல் வைத்தால் தன் எடையாலேயே நசுங்கும். ஆனால் திரவத்தில் அமிழ்ந்திருக்கும்போது அதன் எடை சுமார் 50 கிராம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் நடத்தும் ஆர்க்கிமிடிஸ் தத்துவத்துக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு கிடையாது.

சோதனையாகவும் செய்யலாம். மூடியுள்ள இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள், இரண்டு பச்சை முட்டைகள். ஒரு டப்பாவில் முட்டை மட்டும். இன்னொன்றில் முட்டையோடு காற்று இல்லாமல் விளிம்பு வரை தண்ணீர். இரண்டையும் மூடிக் குலுக்கச் சொல்லுங்கள். முதல் முட்டை உடையும், இரண்டாவது தப்பும். அடுத்து, தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் முட்டை மெல்ல எழும்பும். செலவு இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி உப்பு.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். டப்பாவின் மூடி இறுக்கமானது. நம் மண்டையோடும் அப்படித்தான். உள்ளே மூளை, இரத்தம், திரவம் மூன்றும் இருக்கின்றன. ஒன்று கூடினால் மற்றவை இடம் விட வேண்டும். படுத்த நிலையில் திரவத்தின் இயல்பான அழுத்தம் ஏறத்தாழ 10 முதல் 20 சென்டிமீட்டர் நீர் உயரம். வடிவியல் பெட்டியில் இருக்கும் சிறிய அளவுகோலின் உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் அழுத்தம், அவ்வளவுதான். கைக்குழந்தைக்கு மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டியிருக்காது. நீர் சேர்ந்தால் தலை பெரிதாகும், பெற்றோர் கண்ணிலேயே படும். பள்ளிப் பிள்ளைக்கு எலும்புகள் இணைந்துவிட்டிருக்கும். தலை பெரிதாகாது. உள்ளே அழுத்தம்தான் ஏறும். வெளியே தெரிவது தலைவலி, வாந்தி, தூக்கம், தள்ளாட்டம். அதாவது நாம் நடிப்பு என்று எண்ணக்கூடியவை எல்லாம்.

இப்போது அந்தப் பையனைத் திரும்பிப் பாருங்கள். ஏன் காலையில் மட்டும் வலி? இரவு முழுதும் படுத்திருக்கும்போது தலையிலிருந்து இரத்தம் வடிவது மெதுவாகிறது. தூக்கத்தில் மூச்சு குறைந்து இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சற்று ஏறுவதால் மூளையின் இரத்த நாளங்கள் விரிகின்றன. ஏற்கெனவே உயர்ந்திருக்கும் அழுத்தம் இன்னும் உயர்கிறது. எழுந்து நடமாடினால் ஓரளவு தணிகிறது. மத்தியானம் சரியாகிவிடும் தலைவலிதான் கவனிக்க வேண்டிய தலைவலி. ஏன் முகத்தைத் தூக்கிக் கரும்பலகையைப் பார்த்தான்? வீங்கிய மூளை அறை, கண்ணை மேலே திருப்பும் நரம்புப் பகுதியை அழுத்தியது. கண்ணை உயர்த்த முடியாதவன் தலையை உயர்த்தினான். அதைத்தான் நான் திமிர் என்றேன்.

அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களில் பள்ளிக்கு வந்தான். கையெழுத்து திரும்பிவிட்டது. ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைந்தே இருந்தது. அழுத்தம் நீடித்தால் பார்வை நரம்பு பாதிக்கப்படும். அந்தப் பார்வை நான் அவனை நிற்கவைத்த நாள்களில் போனதா, அதற்கு முன்பே போனதா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. அவன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.

வேலூர் சொல்லும் கணக்கு

இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறை நம் மாநிலத்தில்தான், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், 1949-ல் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி இத்துறையைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் தலையில் நீர் சேர்ந்த பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கிய வரலாறு இந்த இரண்டு இடங்களிலிருந்து வருகிறது.

வேலூரின் ஓர் ஆய்வை ஆசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். காசநோய்க் கிருமி மூளை உறையைத் தாக்கினால், மூளையின் அடிப்பகுதியில் கெட்டியான கசிவு படிந்து திரவத்தின் வழியை அடைக்கும். அப்படி நீர்கோத்து, 1975 முதல் 1986 வரை ஷண்ட் என்னும் வடிகுழாய் பொருத்தப்பட்ட 114 பேரை வேலூர் மருத்துவர்கள் நெடுநாள் கவனித்து 1991-ல் வெளியிட்டார்கள். வந்தபோது இருந்த நிலையை வைத்து நோயாளிகளை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில், நல்ல நினைவோடு, வேறு பாதிப்பு இல்லாமல் வந்தவர்களில் இறந்தவர்கள் ஐந்தில் ஒருவர். மூன்றாம் படியில், நினைவு மங்கி வந்தவர்களில் பாதிப் பேர். நான்காம் படியில், ஆழ்ந்த மயக்கத்தில் வந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. மருத்துவமனை ஒன்றுதான், வடிகுழாயும் ஒன்றுதான். வந்து சேர்ந்த நேரம்தான் வேறு. முதல் ஆய்வாளர் பெயரில் பாலூர் படிநிலை என்று இதை இன்றும் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள்.

காசநோய் மூளை உறை அழற்சி ஒரே நாளில் பாய்ந்து வருவதில்லை. லேசான காய்ச்சல், சோர்வு, எரிச்சல், விளையாட்டில் ஆர்வமின்மை, படிப்பில் சரிவு என்று நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்ல வருகிறது. ஒரு பிள்ளை முன்போல இல்லை என்பதை முதலில் பார்க்கக்கூடியவர் யார்? தினமும் ஆறேழு மணி நேரம் எதிரே நிற்கும் நாம்தான்.

ஊசிக்குப் பயம்

நோயைக் கண்டுபிடிக்க முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றதும் பல பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். "முதுகுல ஊசி போட்டா கால் வெளங்காம போயிடும்" என்பது நம் ஊர்களில் வேரூன்றிய பயம். நம்மிடம் கேட்டால் நாம் இப்படிச் சொல்லலாம்: தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது, இரண்டாவதன் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே, மூன்றாவதற்கும் ஐந்தாவதற்கும் இடைப்பட்ட பகுதியில் போகிறது. அங்கே நரம்பு வேர்கள் மட்டும் குதிரைவால்போலத் திரவத்தில் மிதக்கின்றன, ஊசிக்கு விலகிக்கொடுக்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் குயின்க்கே 1891-ல் அறிமுகப்படுத்திய முறை இது. எடுப்பது சில மில்லிலிட்டர். மணிக்கு இருபது என்ற கணக்கில், ஐந்து மில்லிலிட்டரை உடல் கால் மணி நேரத்தில் ஈடுசெய்துவிடும். எடுத்த பிறகு சிலருக்கு ஓரிரு நாள் தலைவலி வரலாம், படுத்தால் குறையும். உள்ளே அடைப்பு இருக்கும் என்று தோன்றினால் மருத்துவர்கள் முதலில் ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார்கள்.

காதுக்குப் பின்னால் ஒரு குழாய்

ஷண்ட் என்பது மூளை அறையிலிருந்து காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கி, பெரும்பாலும் வயிற்றுக்குள் போய் முடியும் மெல்லிய குழாய். நடுவில் ஒரு வால்வு. சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும் எழுதிய ரோல்டு டாலின் கைக்குழந்தை 1960-ல் நியூயார்க்கில் வாகனம் மோதித் தலையில் அடிபட்டான். அவனுக்குப் பொருத்திய குழாய் அடைத்துக்கொண்டே இருந்தது. டால் சும்மா இருக்கவில்லை. ஸ்டான்லி வேடு என்ற பொறியாளரையும் கென்னத் டில் என்ற அறுவை மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு புதிய வால்வை உருவாக்கினார். 1962-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அவர் மகனுக்கு அப்போது அது தேவைப்படவில்லை, வேறு ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு உதவியது. நம் நாட்டிலேயே விலை குறைந்த சாப்ரா ஷண்ட் உருவானது. உகாண்டாவில் பல மடங்கு விலையுள்ள வெளிநாட்டு ஷண்ட்டோடு ஒப்பிட்டபோது, ஓராண்டு முடிவில் இரண்டின் பலனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஷண்ட் உள்ள பிள்ளை படிக்கலாம், ஓடலாம், விளையாடலாம். தலையில் மோதும் விளையாட்டுகளுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் குழந்தைகளின் ஷண்ட்களில் ஏறத்தாழப் பாதி இரண்டு ஆண்டுகளுக்குள் அடைத்தோ வேறு விதத்திலோ பழுதாகிறது. அதனால் ஷண்ட் உள்ள பிள்ளைக்குத் தலைவலியோடு வாந்தியோ தூக்கக் கலக்கமோ வந்தால் சாயங்காலம் வரை காத்திருக்கக் கூடாது. பெற்றோருக்குச் சொல்லிவிட்டு உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். எழுப்பினாலும் விழிக்கச் சிரமப்பட்டால் 108.

நாம் செய்யக்கூடியவை

நான் இப்போது கடைப்பிடிக்கும் சில பழக்கங்கள். ஜூன் மாதத்தில் ஒவ்வொரு பெற்றோரிடமும், "குழந்தைக்குச் சிறு வயதில் ஏதாவது ஆபரேஷன், வலிப்பு, நீண்ட நாள் மருந்து உண்டா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை பள்ளி மாறும்போது மாற்றுச் சான்றிதழோடு இந்தக் குறிப்பும் பெற்றோர் சம்மதத்துடன் அடுத்த வகுப்பாசிரியர் கைக்குப் போகட்டும். காலைத் தலைவலி, குமட்டல் இல்லாமல் திடீரென வரும் வாந்தி, மாறும் கையெழுத்து, தள்ளாட்டம், மாறுகண், காரணமில்லாத சோர்வு ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் நான் அதை ஒழுங்குப் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொல்கிறேன். அவர்கள் வரும் நாள் தள்ளியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறேன். எல்லாத் தலைவலியும் இது ஆகாது. பசி, பார்வைக் குறைபாடு, தூக்கமின்மைதான் அதிகம். அவற்றையும் விசாரித்துத்தானே தெரிந்துகொள்ள வேண்டும்?

இன்னொன்று, வாராவாரம் வளரிளம் பருவத்தினருக்கு நாம் தரும் இரும்புச்சத்து மாத்திரை. அதில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. கருவில் தண்டுவடமும் மூளையும் உருவாகும் நரம்புக் குழல், கருவுற்ற நான்கு வாரங்களுக்குள், பெரும்பாலும் தாய்க்குச் செய்தி தெரிவதற்கு முன்பே மூடிவிடுகிறது. ஃபோலிக் அமிலம் குறைந்தால் அது சரியாக மூடாமல் போகும் வாய்ப்பு கூடும். அப்படிப் பிறக்கும் குழந்தைகள் பலருக்குத் தலையில் நீர் சேர்கிறது. கர்ப்பத்துக்கு முன்பே அந்தச் சத்து உடலில் இருந்தாக வேண்டும். ஜன்னல் வழியாக மாத்திரையை எறியும் பிள்ளைகளிடம் காரணத்தைச் சொல்லுங்கள். அயோடின் உப்பிலேயே ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்து, தென்னிந்தியாவில் நான்கு கிராமங்களின் பெண்களுக்கு 2022-ல் நான்கு மாதங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் அதன் அளவு மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. உப்பு விளையும் கரையில் பாடம் எடுக்கும் நமக்கு இது நல்ல செய்தி.

அந்தச் சமையலர் அக்கா பத்தாம் வகுப்பு அறிவியல் படித்தவர் அல்ல. ஒரு வாரம் பார்த்தார், பார்த்ததைச் சொன்னார். நான் பாடம் படித்தவன், பார்க்கவில்லை. நாளைக் காலை வழிபாட்டில் வரிசையை நேராக்கும்போது முகங்களையும் ஒருமுறை பார்த்துவிடுவோம்.

முட்டைச் சோதனைக்கான பொருள்கள் பின்மேசையில் இருக்கின்றன. இடைவேளைக்கு முன் எல்லோரும் ஒருமுறை செய்து பார்த்துவிடலாம்.